‘எந்த சர்வர்?’ என்று கேட்கிறதே, என்ன சொல்வது?

ட்விட்டர் (இப்போது எக்ஸ்) அலுத்துவிட்டது, அல்லது ஏதோ ஒரு நாள் கோபம் தலைக்கேறிவிட்டது, சரி, அதே மாதிரி இன்னொரு சமூக வலைத்தளம் என்று எல்லோரும் சொல்கிற அந்த மாஸ்டடானைத்தான் போய்ப் பார்ப்போமே என்று போகிறீர்கள். பெயரும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் என்று நினைத்தால், அதற்கு முன்னால் ஒரு கேள்வி: எந்த சர்வரில் சேரப் போகிறீர்கள்? கீழே நீளமான பட்டியல். ஒன்று எல்லோருக்கும் பொதுவானதாம், ஒன்று ஓவியர்களுக்காம், ஒன்று நிரலாளர்களுக்காம், இன்னொன்று நீங்கள் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று நாலு வரி எழுதிக் கொடுத்தால்தான் யோசிக்குமாம். தப்பான இடத்தில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிடுகிறீர்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் மூடினேன். மறுபடி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க எட்டு மாதம் ஆனது.

2023 மே மாதத்திலிருந்து மாஸ்டடானின் செயலியே ஒரு பெரிய சர்வரை முன்னால் வைத்து ‘இதிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்கிறது. அப்படியே சேர்ந்தாலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் அங்கே நடக்கிற மற்ற விசித்திரங்களும் பெரும்பாலும் தானாகவே புரிந்துவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மின்னஞ்சலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் இருக்கிற நீங்கள் யாஹூவில் இருக்கிற நண்பருக்கு எழுதலாம், தன் நிறுவனத்தின் சொந்த அஞ்சலை வைத்திருப்பவருக்கும் எழுதலாம். என்னோடு பேச வேண்டுமென்றால் நீயும் ஜிமெயிலுக்கு வா என்று யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. அஞ்சலை ஒரு சர்வர் (பலருடைய கணக்குகளை வைத்து நடத்தும் கணினி) இன்னொரு சர்வரிடம் கொடுப்பதற்கான முறை எஸ்எம்டிபி என்ற பெயரில் 1982இலேயே எழுதி வைக்கப்பட்ட பொது விதி, அது எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. விருப்பமும் பொறுமையும் இருக்கிற யாரும் அதைப் படித்துத் தங்கள் சர்வரை நிறுவலாம்.

சமூக வலைத்தளங்கள் இந்த வழியில் வளரவில்லை. ட்விட்டரில் இருந்துகொண்டு ஃபேஸ்புக்கில் எழுதுகிறவரைப் பின்தொடர முடியாது. அதில் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றுமில்லை, திறந்துவிட்டால் ஆட்கள் போய்விடுவார்களே என்பதுதான் சிக்கல். உங்கள் நண்பர்கள் எல்லோரும் உள்ளே இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக, விளம்பரம் எவ்வளவு கூடினாலும், விதிகள் எப்படி மாறினாலும், நீங்களும் உள்ளேயே இருப்பீர்கள். ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடப்பட்டபோது, கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டபோது, படங்களையும் பதிவுகளையும் தரவிறக்கிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள், அது உண்மை. ஆட்களை எப்படித் தரவிறக்குவது? பல வருடம் தினமும் பேசிய சிலரின் உண்மைப் பெயர்கூடத் தெரியாமல் இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதை மாற்றலாம் என்று பலர் பல காலம் முயன்றிருக்கிறார்கள். 2008இல் ஐடென்டி.கா என்ற தளம் வந்தது, 2010இல் நாலு கல்லூரி மாணவர்கள் பொதுமக்களிடம் பணம் திரட்டி டயாஸ்போராவைத் தொடங்கினார்கள், இரண்டும் ஒரு சின்ன வட்டத்தைத் தாண்டவில்லை. 2016இல் ஜெர்மனியிலிருந்து யூஜென் ரோச்கோ என்ற நிரலாளர் மாஸ்டடானை வெளியிட்டார். 2018 ஜனவரியில், வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஆக்டிவிட்டிபப் என்ற விதியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அஞ்சலுக்கு எஸ்எம்டிபி எப்படியோ, பதிவு போடுவதற்கும் பின்தொடர்வதற்கும் பதில் சொல்வதற்கும் ஆக்டிவிட்டிபப் அப்படி. இந்த விதியைப் பேசத் தெரிந்த சர்வர்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஃபெடிவர்ஸ் என்கிறார்கள். மாஸ்டடான் அதில் அதிகம் பேருக்குத் தெரிந்த மென்பொருள், அவ்வளவுதான். இலவச மென்பொருள் என்பதால் யாரும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

ஆகவே ‘மாஸ்டடான் நிறுவனத்தில்’ யாரும் கணக்குத் தொடங்குவதில்லை, மாஸ்டடான் மென்பொருளை ஓட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான சர்வர்களில் ஏதோ ஒன்றில் தொடங்குகிறோம். உங்கள் முகவரியும் மின்னஞ்சல் மாதிரியே இரண்டு துண்டாக இருக்கும். @மலர்@அ-சர்வர் என்றால் அ-சர்வரில் இருக்கும் மலர். ஆ-சர்வரிலும் ஒரு மலர் இருக்கலாம், அவர் வேறு ஆள். இதனால் ஒரு நல்லதும் உண்டு. ஐரோப்பிய ஆணையமும் ஜெர்மன் கூட்டரசும் தங்கள் சொந்த இணையப் பெயரிலேயே சர்வர் வைத்து அங்கிருந்து பதிவிடுகின்றன. முகவரியின் பின்பாதியைப் பார்த்தாலே அசல் கணக்கு என்று தெரிந்துவிடும்போது நீல டிக் எதற்கு, அதற்கு மாதச் சந்தா எதற்கு?

மின்னஞ்சலோடு ஒப்பிடுவது இதுவரைதான் உதவும். உங்கள் அஞ்சல் நிறுவனத்தில் வேறு யார் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்பதில் உங்களுக்கு அக்கறையே இருக்காது. இங்கே சர்வர் என்பது அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி. அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு, பொறுப்பாளர் உண்டு, இன்னதைச் செய்யக்கூடாது என்ற விதிகள் உண்டு, ‘அந்தக் கட்டடத்து ஆட்களை நம் வாசலுக்குள் விடுவதில்லை’ என்ற முடிவும் உண்டு.

ஒரு பதிவு எப்படிப் போய்ச் சேருகிறது

இந்த ஒரு விஷயத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் பல குழப்பங்கள் மிச்சமாகியிருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் அ-சர்வரில் இருக்கிறீர்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் முப்பது பேர், அவர்கள் ஏழு வெவ்வேறு சர்வர்களில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு பதிவு போட்டதும் அ-சர்வர் அதன் நகலை அந்த ஏழு சர்வர்களுக்கும் அனுப்பும். அவை வாங்கித் தங்களிடம் சேமித்து, அங்கே உங்களைப் பின்தொடர்கிறவர்களின் டைம்லைனில், அதாவது பதிவுகள் வரிசையாக வரும் பக்கத்தில், காட்டும். எட்டாவதாக ஒரு சர்வர் இருக்கிறது, அங்கே உங்களைப் பின்தொடர ஒருவரும் இல்லை என்றால், அதற்கு உங்கள் பதிவைப் பற்றி ஒன்றுமே தெரியாது. அந்தப் பதிவை யாராவது பூஸ்ட் செய்து (ட்விட்டரில் ரீட்வீட் என்பதுதான் இங்கே பூஸ்ட்) அங்கே கொண்டுபோனால்தான் உண்டு. எல்லாப் பதிவுகளும் மொத்தமாகக் கிடக்கிற ஒரு நடுக்கிடங்கு என்று எதுவும் எங்கேயும் கிடையாது.

இப்போது புதியவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இதோடு பொருத்திப் பாருங்கள். சின்ன சர்வரில் சேர்ந்தேன், தேடினால் ஒன்றுமே வரவில்லை, ஊரே காலியாக இருக்கிறது என்பார்கள். ஊர் காலி இல்லை, அந்த சர்வரில் இருக்கிற இருபது பேர் யார் யாரைப் பின்தொடர்கிறார்களோ அவர்களை மட்டும்தான் அந்த சர்வருக்குத் தெரியும். நீங்கள் புதிதாகப் பத்துப் பேரைப் பின்தொடர்ந்தால் அதற்கும் புதிதாகப் பத்துப் பேர் அறிமுகமாகிறார்கள். ஒரே பதிவுக்கு என் திரையில் நாலு பதில், நண்பரின் திரையில் பதினொன்று, இது என்ன கூத்து என்பார்கள். அவருடைய சர்வருக்கு வந்து சேர்ந்த பதில்கள் உங்களுடையதற்கு வரவில்லை. புதிய பதிப்புகள் விடுபட்டதைத் தேடி எடுத்து இதைக் கொஞ்சம் சரிசெய்திருக்கின்றன, ஆனாலும் எண்ணிக்கைகள் அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். விருப்பங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். எண்ணிக்கை பார்த்தே சந்தோஷப்படுகிற பழக்கம் இருந்தால் முதல் வாரத்திலேயே விட்டுப்போகும், எனக்கு விட்டுப்போனது.

ஒரு சந்தேகம் இன்னும் இருக்கிறது, இதை மட்டும் கவனமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பதிவை அழித்தால் எல்லா இடத்திலும் அழியுமா? உங்கள் சர்வர் மற்ற சர்வர்களுக்கு ‘இதை அழித்துவிடுங்கள்’ என்று செய்தி அனுப்பும். ஒழுங்காக ஓடுகிற சர்வர்கள் கேட்டுக்கொள்ளும். கேட்காவிட்டால் கட்டாயப்படுத்த வழி இல்லை. எல்லா இடத்திலும் இணையத்தில் போட்டது போட்டதுதான் என்றாலும், இங்கே உங்கள் சொற்கள் முதல் நிமிடத்திலேயே பல பேருடைய கணினியில் நகலாகிவிடுகின்றன.

அதேபோல் தனிச்செய்தி. மாஸ்டடானில் அது உண்மையில் சிலருக்கு மட்டும் தெரிகிற ஒரு பதிவு. அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கும்படி முனைக்கு முனை பூட்டப்பட்டது அல்ல, இரு பக்கத்து சர்வர்களின் தரவுத்தளத்திலும் படிக்கக்கூடிய வடிவத்தில் கிடக்கிறது, சர்வரை நடத்துகிற அட்மின் மெனக்கெட்டால் படிக்க முடியும். ட்விட்டரிலும் தனிச்செய்திகள் பல காலம் அப்படித்தான் இருந்தன என்பது வேறு கதை. இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. தனிச்செய்தியில் மூன்றாவது ஆள் ஒருவரைப் பற்றிப் புலம்பும்போது பழக்கதோஷத்தில் அவர் முகவரியை @ போட்டு எழுதிவிட்டால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். ரகசியம் பேச சிக்னல் மாதிரி வேறு செயலி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்த சர்வர்?

பட்டியலில் சர்வரின் பெயரையும் படத்தையும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நானும் முதலில் பெயர் அழகாக இருந்ததால்தான் ஒன்றில் சேர்ந்தேன். அதன் கதை கடைசியில்.

பார்க்க வேண்டியது யார் நடத்துகிறார்கள் என்பதைத்தான். ஒவ்வொரு சர்வருக்கும் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பகுதி உண்டு. நடத்துகிறவர் ஒற்றை ஆளா, குழுவா, எத்தனை வருடமாக ஓடுகிறது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, இதெல்லாம் அங்கே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல். விளம்பரம் கிடையாது என்பதால் பெரும்பாலான சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன, படங்களும் காணொளிகளும் சேரச் சேரச் சேமிப்புச் செலவு ஏறிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் ஆசையாகத் தொடங்கி, இரண்டு வருடத்தில் களைத்துப்போய், ஒரு நாள் ‘மன்னிக்கவும்’ என்று எழுதிவிட்டுப் போன அட்மின்கள் நிறைய. அவர்களைத் திட்டவும் மனம் வராது, இரவெல்லாம் புகார்களைப் படித்து முடிவெடுப்பது சம்பளமில்லாத வேலை.

மாஸ்டடானின் அதிகாரபூர்வ தளத்தில் இருக்கிற பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் சில வாக்குறுதிகள் தர வேண்டும். நிறவெறி, பாலினவெறி போன்றவற்றை அனுமதிக்கக்கூடாது, தினமும் காப்புநகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு சர்வரைத் திறக்க அட்மினைத் தவிர இன்னொருவராவது இருக்க வேண்டும், மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. புதியவர்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை என்பேன்.

விதிகளையும் ஒரு தடவை படியுங்கள், அங்கே அவை சும்மா ஒப்புக்கு எழுதியவை அல்ல. கூடவே, அந்த சர்வர் எந்தெந்த சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கிறது என்ற பட்டியலும் பல இடங்களில் வெளிப்படையாக இருக்கும். 2019இல் கேப் என்ற தளம், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போனது, மாஸ்டடான் மென்பொருளை எடுத்துக்கொண்டு ஃபெடிவர்ஸுக்குள் வந்தது. மென்பொருள் இலவசம், யார் எடுப்பதையும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு சர்வர் இன்னொன்றோடு பேசியே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, ஒவ்வொரு சர்வராகக் கதவைச் சாத்தின, கேப் தன் வீட்டுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. டிரம்பின் ட்ரூத் சோஷியலும் மாஸ்டடான் நிரலில் எழுந்ததுதான், அது தொடக்கத்திலிருந்தே யாரோடும் இணைக்கப்படாமல் தனியாக நிற்கிறது. இப்படி அடைக்கிற உரிமை நல்ல விஷயமாகத் தெரிந்தாலும், இரண்டு அட்மின்களுக்குள் சண்டை வந்து ஒருவர் மற்றவரின் சர்வரையே அடைத்துவிட்டால் நடுவில் உங்கள் நட்பும் அறுந்துபோகும். அப்படி நடப்பதும் உண்டு. தன் சர்வருக்குள் அட்மின் ஒரு குட்டி ராஜாதான். ஆனால் பிடிக்கவில்லை என்றால் பக்கத்து ராஜ்யத்துக்கு நடந்து போய்விடலாம்.

இணையப் பெயரின் கடைசி எழுத்துகளையும் பாருங்கள் என்றால் சிரிப்பீர்கள். குயர்.ஏஎஃப் என்று ஒரு மாஸ்டடான் சர்வர் இருந்தது. ஏஎஃப் என்பது ஆஃப்கானிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்ட பின்னொட்டு. 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அந்தப் பெயரை முடக்கியது, சர்வர் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தும் அதற்கு முகவரி இல்லாமல் போனது.

மற்றபடி, பெரிய சர்வரா சின்னதா என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம். பெரியதில் சேர்ந்தால் தேடலில் நிறையக் கிடைக்கும், கூட்டத்தில் ஒருவராக இருப்பீர்கள். சின்னதில் சேர்ந்தால், அந்த சர்வர் ஆட்களின் பதிவுகள் மட்டும் வருகிற உள்ளூர் டைம்லைனிலேயே நாலு நண்பர்கள் கிடைப்பார்கள், அட்மினோடு நேரடியாகப் பேசலாம். எதில் இருந்தாலும் மற்றதில் இருப்பவரைப் பின்தொடரலாம் என்பதால் இழப்பு ஒன்றுமில்லை. முடிவு தப்பாகிவிட்டால் மாறிக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம்

அமைதியாக இருக்கும். சொல்லப்போனால் சங்கடமாக இருக்கும். ட்விட்டரில் நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அல்காரிதம் எதையாவது எடுத்துவந்து முன்னால் போடும், பாதி உங்களை எரிச்சலூட்டுவதற்காகவே. மாஸ்டடானில் நீங்கள் யாரைப் பின்தொடர்கிறீர்களோ அவர்கள் எழுதியதும் பூஸ்ட் செய்ததும் மட்டும், கால வரிசையில் வரும், படித்து முடித்தால் முடிந்தது. யாரையும் பின்தொடராமல் உட்கார்ந்திருந்தால் வெறும் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இங்கே ஒன்றுமே இல்லை என்று திரும்பிப் போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் திரும்புகிறார்கள்.

அதனால் தொடக்கத்தில் தாராளமாகப் பின்தொடருங்கள், பிடிக்காதவர்களைப் பிறகு விட்டுவிடலாம். ஆட்களை மட்டுமில்லாமல் ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம், 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது. புகைப்படம், வானியல், தோட்டம், சதுரங்கம் என்று உங்களுக்குப் பிடித்த நாலைந்து ஹேஷ்டேக்கைப் பிடித்துக்கொண்டால் அந்த வழியாக ஆட்கள் வந்து சேருவார்கள். நீங்கள் எழுதும்போதும் ஹேஷ்டேக் போடுங்கள். ட்விட்டரில் அது பழைய நாகரிகமாகிவிட்டது, இங்கே அதில்லாமல் உங்களை யாரும் கண்டுபிடிப்பது கஷ்டம். ஏனென்றால் பதிவின் உள்ளே இருக்கிற எல்லாச் சொற்களையும் யார் வேண்டுமானாலும் தேடுகிற வசதி நெடுநாள் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை, யாரையாவது குறிவைத்துத் தேடித் துரத்துவதற்கு அது உதவும் என்ற பயம். 2023 செப்டம்பரில்தான், விரும்பியவர்களின் பதிவுகள் மட்டும் தேடலில் வரட்டும் என்று ஒரு வழி கொண்டுவந்தார்கள். அமைப்புகளில் போய் நீங்களாக அனுமதித்தால்தான் உங்கள் பதிவுகள் தேடலில் சிக்கும்.

விருப்பம் போடுவது பதிவை எங்கும் பரப்பாது, எழுதியவருக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவே. நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தால் பூஸ்ட் செய்ய வேண்டும். படம் போட்டால் பார்வையற்றவர்களுக்காகப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவது அங்கே வழக்கம், எழுதாவிட்டால் யாராவது நினைவூட்டுவார்கள், சில சமயம் கொஞ்சம் கண்டிப்பாகவே. மனதைப் பாதிக்கிற செய்திகளை எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் வைப்பதும் வழக்கம். அதில் அளவுக்கு மீறிப் போகிறவர்களும் உண்டு என்பது என் அபிப்பிராயம். பதிவுக்கு வழக்கமாக 500 எழுத்து.

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது என்ன நடந்தது என்று பாருங்கள். மாஸ்டடானின் மாதாந்தரப் பயனர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து நவம்பருக்குள் 25 லட்சமானார்கள் என்று மாஸ்டடானே அறிவித்தது. டிசம்பரில் ட்விட்டர் நிர்வாகம் மாஸ்டடானின் கணக்கை முடக்கியது, மாஸ்டடான் முகவரியை அங்கே விளம்பரப்படுத்தத் தடையும் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் தடையைப் பின்வாங்கியது. அப்புறம் அடுத்த வருடமே, அப்படி வந்தவர்களில் கணிசமானவர்கள் பழைய குருடி கதவைத் திறடி என்று திரும்பிப் போனார்கள். மாஸ்டடான் கடினம் என்பதால் போனார்கள் என்று பலர் எழுதினார்கள். எனக்கென்னவோ அவர்கள் பேசிப் பழகிய ஆட்கள் வரவில்லை என்பதுதான் காரணமாகப் படுகிறது. அதனால்தான் ஒரே நாளில் பழைய கணக்கை அழித்துவிட்டு வராதீர்கள் என்கிறேன். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று கொஞ்ச நாள் இருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பழைய இடத்தின் அறிமுகக் குறிப்பில் புது முகவரியை எழுதி வையுங்கள், நெருக்கமான ஐந்தாறு பேரிடம் தனியாகச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆட்களைத் தானாக இழுத்துவரும் பொத்தான் எதுவும் இல்லை, ஒவ்வொருவராகத்தான் தேட வேண்டும்.

வேறு வாசல்கள்

மாஸ்டடான் ட்விட்டர் மாதிரி. தலைப்புவாரியாகக் குழு சேர்ந்து பேசுகிற ரெடிட் மாதிரி வேண்டுமென்றால் லெம்மி இருக்கிறது. 2023 ஜூனில், வெளிச் செயலிகளிடம் ரெடிட் பெரும் கட்டணம் கேட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான குழுக்கள் இரண்டு நாள் கதவடைத்தன, அப்போது அங்கிருந்து ஒரு கூட்டம் லெம்மிக்கு வந்தது. படங்களுக்கு பிக்சல்ஃபெட், காணொளிக்கு ஃப்ரேமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு தன்னார்வ அமைப்பு வளர்த்த பியர்டியூப். எல்லாம் ஆக்டிவிட்டிபப் பேசுகின்றன, ஆகவே மாஸ்டடானில் இருந்தபடியே ஒரு பியர்டியூப் சேனலைப் பின்தொடர்ந்து, காணொளிக்கு அங்கிருந்தே பதில் எழுதலாம். முதல் தடவை செய்து பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் திரெட்ஸ் 2024 முதல் ஓரளவு ஃபெடிவர்ஸோடு இணைந்திருக்கிறது, அந்த நிறுவனத்தை நம்பாத பல சர்வர்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. ட்விட்டர் மாதிரியே இருக்கும் புளூஸ்கை வேறு விதியில் ஓடுகிறது, ஏடி புரோட்டோகால் என்று பெயர். 2019இல் ட்விட்டருக்குள்ளேயே ஒரு திட்டமாகக் கிளம்பி, தனி நிறுவனமாகி, 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பழகுவதற்கு எளிது, சர்வரை மாற்றும்போது பதிவுகளையும் தூக்கிக்கொண்டு போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள், அந்த விஷயத்தில் மாஸ்டடானைவிட மேல். ஆனால் அங்கே பெரும்பாலானோர் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கிறார்கள். கதவு இருக்கிறது, நடந்து பார்த்தவர்கள் குறைவு.

இனி வீடு மாறுவதைப் பற்றி. மாஸ்டடானில் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இப்படி: முதலில் புது இடத்தில் கணக்குத் தொடங்கி, ‘என் பழைய கணக்கு இதுதான்’ என்று அங்கே பதிய வேண்டும். அப்புறம் பழைய கணக்கில் போய் ‘இங்கே மாறுகிறேன்’ என்று சொல்ல வேண்டும். உங்களைப் பின்தொடர்கிறவர்களின் சர்வர்களுக்குச் செய்தி போய், அவர்கள் ஒன்றும் செய்யாமலே புதுக் கணக்கைப் பின்தொடரத் தொடங்கிவிடுவார்கள். பழைய கணக்கு, இவர் இன்ன இடத்துக்குப் போய்விட்டார் என்று பலகை மாட்டிக்கொண்டு நிற்கும். நீங்கள் பின்தொடர்கிறவர்கள், தடுத்து வைத்தவர்கள், சேமித்த பதிவுகள் ஆகியவற்றைத் தனித்தனி சிஎஸ்வி (பட்டியல்) கோப்புகளாக இறக்கிப் புது இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு தடவை மாறினால் 30 நாளைக்கு மறுபடி மாற முடியாது.

எழுதிய பதிவுகள் வராது. அவை பழைய சர்வரிலேயே தங்கிவிடும், ஒரு காப்பகக் கோப்பாகத் தரவிறக்கிக்கொள்ளலாம், புதுக் கணக்கில் ஏற்ற முடியாது. இது பெரிய குறை, சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

இன்னொன்று, மாறுவதற்குப் பழைய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். அது ஒரு நாள் திடீரென்று காணாமல் போனால் ‘மாறுகிறேன்’ என்று சொல்ல ஆளில்லை, பின்தொடர்ந்தவர்கள் போனது போனதுதான். ஆகவே நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியலையாவது மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அரை நிமிட வேலை.

பெயர் அழகாக இருந்ததே என்று நான் சேர்ந்த சர்வரை ஒற்றை ஆள் நடத்தினார். இரண்டு வருடம் கழித்து, வேலையும் குடும்பமும் நெருக்குகிறது, மூன்று மாதத்தில் மூடப் போகிறேன் என்று எழுதினார். அந்த மூன்று மாதத்தில் கடைசி வாரம்வரை நான் ஒன்றும் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன், மேலே சொன்னதையெல்லாம் செய்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. பின்தொடர்பவர்கள் அன்று மாலைக்குள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள், நாலைந்து பேர் வரவில்லை, அவர்களுடைய சர்வர்கள் எப்போதோ செத்துப்போயிருந்தன. பதிவுகள் காப்பகக் கோப்பாக என் கணினியில் கிடக்கின்றன, இன்றுவரை திறந்து பார்க்கவில்லை. அந்த அட்மினும் இப்போது வேறொரு சர்வரில் சாதாரணக் கணக்கு வைத்துக்கொண்டு பூனைப்படம் போட்டுக்கொண்டிருக்கிறார்.